உதிர்ந்தவை நாற்பத்தொன்று

ஜூலை பதினொன்று. தண்ணீர் ரசீதின் முதுகில்
எழுதி வைத்திருக்கிறேன்:
மூன்றாம் பாத்தி, ஐந்தாவது செடி,
உதிர்ந்தவை நாற்பத்தொன்று, நின்றவை இரண்டு.
அந்த இரண்டும் மறுநாள் கணக்கில் இல்லை.

மிளகாய்ப் பூவைப் பூ என்று சொல்லவே
கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.
வெள்ளை, சிறிது, கடன் கேட்க வந்தவன் போலத்
தரையைப் பார்த்தே நிற்கும்.
முதலில் காம்பின் கணு மஞ்சளாகும்.
அதன்பின் தொட வேண்டியதில்லை,
நெடுஞ்சாலையில் ஒரு லாரி போனால் போதும்.

பசி, என்றான் செல்சோ.
செடிக்குப் பசி, லெயோனோர், வேறொன்றுமில்லை.
மாட்டுப் பண்ணையில் அவனுக்கு வேலை.
எரு இனாம், யூரியா கடன்.
போட்டான். பாய்ச்சினான். மறுபடி போட்டான்.
செடி என் இடுப்புக்கு வந்தது,
இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்,
பச்சை கறுத்து, நடுமதியத்திலும் அடியில் இருட்டு.
சாலையில் போனவர்கள் காரை நிறுத்திப்
படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.
கிளையை விலக்கிப் பார்த்தவர் எவருமில்லை.

ஹாட்ச் பள்ளத்தாக்கில் அந்த ஜூலை
இரவு என்று ஒன்று வரவே இல்லை,
விளக்கை மட்டும் அணைத்தார்கள்.
பன்னிரண்டு மணிக்கும் வாய்க்கால் சுவர் சுட்டது.
பிக்கப் வண்டியின் முதுகில் படுத்தோம்,
ஒருவர் மேல் ஒருவர் படாமல்.
தூக்கம் வராமல் பழைய எலக்ட்ரிக் பல்துலக்கியை
எடுத்துப்போய்ப் பூப்பூவாக அதிர வைத்தேன்,
மகரந்தம் இறங்கட்டும் என்று.
சூட்டில் செத்த மகரந்தம் எங்கே இறங்க?
யாருக்குப் பல் விளக்குகிறாய், என்றான் இருட்டிலிருந்து.
நாற்பத்தொன்று பேருக்கு, என்றேன்.
சிரித்தான். அந்த மாதத்தில் அது ஒருமுறைதான்.

பிறகு சண்டை.
உரத்தைப் பற்றிய சண்டை என்றுதான்
இருவரும் சொல்லிக்கொண்டோம்.
ஆகஸ்ட் பிறந்ததும் ஆர்ட்டீசியாவுக்கு
எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான்.
கதவோரம் மூன்று மூட்டை யூரியா.
வாரத்துக்கு ஒன்று, மறக்காதே.

மறக்கவில்லை. பிரிக்கவுமில்லை.

நான் அறை பெருக்கும் மோட்டலில்
கறை போகாத விரிப்புகளைக் கிழித்துத் துடைதுணி ஆக்குவார்கள்.
அர்மிண்டாவிடம் கேட்டுப் பதினேழு வாங்கினேன்.
கம்பு நட்டு, கயிறு கட்டி,
மேற்கு வெயிலுக்குக் குறுக்கே பதினாறை விரித்தேன்.
யார் யாரோ படுத்தெழுந்த நிழலில்
என் செடிகள் பிற்பகல் மூன்று மணியைத் தாண்டின.
தண்ணீர் மட்டும், அதுவும் விடியலில்.
செடி முதலில் கோபித்துக்கொண்டது.
அடியிலை மஞ்சளித்தது.
இரண்டு இரவு எழுந்துபோய்
மூட்டையின் தையலைத் தடவிவிட்டுத் திரும்பினேன்.

ஆகஸ்ட் பத்தொன்பது, மலைப்பக்கம் இடி.
மழை இல்லை, அதன் காற்று மட்டும் வந்தது.
விடியலில் கால் தானாகப் போர்வை தேடியது.
உதிர்ந்தவை முப்பது.
அப்புறம் பதினெட்டு.
ஆறு.
ஒரு காலை, இதழெல்லாம் உலர்ந்து சுருங்கியும்
விழாமல் ஒன்று தொங்கியது.
ஊதிப் பார்த்தேன், போகவில்லை.
நடுவில் குண்டூசித் தலையளவு பச்சை.
அன்றைக்கு நான் எண்ணவில்லை.

தொலைபேசியில் கேட்டான்: உரம் போட்டாயா?
போட்டேன்.
எத்தனை?
எல்லாம்.

அக்டோபரில் வந்தான், இளைத்து, எண்ணெய் நாற்றத்தோடு.
வாளி நிறையப் பழம் காட்டினேன்.
ஒன்றைக் கடித்தான்.
காது சிவந்து, மூக்கு ஒழுகி,
பார்த்தாயா, என்றான், உரம் செய்கிற வேலையைப் பார்த்தாயா!
உட்கார இடம் தேடிச்
சலவை இயந்திரத்தின் பின்னால் போர்த்தியிருந்த
பதினேழாவது விரிப்பின் மேல் உட்கார்ந்தான்.
கொஞ்சம் நெளிந்தான்.
விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான்,
ஒன்று, இரண்டு, மூன்று.
மூன்றிலும் தையல் பிரியவில்லை.
விரிப்பை முன்போல் இழுத்து மூடினான்.
கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு
இன்னொன்று கொடு, என்றான்.